சில்வர் கேஸ்கேட் உயரத்தில்

ஜனவரி 6

மூன்று ராஜாக்கள் திருநாள். வங்கியில் கொடுத்த ஓசி டைரியை இன்றுதான் திறக்கிறேன். முதல் ஐந்து நாளும் எழுதி வைக்கும்படியாக நான் ஒன்றும் கிழித்துவிடவில்லை.

இன்று பவுலின் பேசினாள். மார்ச் நடுவில் பிரசவமாம். பிப்ரவரி கடைசியிலேயே நானும் ரெஜினாவும் ஜெர்மனிக்கு வந்துவிட வேண்டுமாம். விசா வந்து மேசைமேல் கிடக்கிறது. அந்த ராஜாக்கள் மாட்டுத் தொழுவத்தில் பிறந்த பிள்ளையைப் பார்க்க ஒட்டகத்தில் போனார்கள். எனக்கு விமானம். இதுவரை நான் ஏறியதிலேயே உயரமானது மில்லுக்குப் பஞ்சு மூட்டை கொண்டுவரும் லாரிதான்.

மகளை நேரில் பார்த்து மூன்று வருஷம். போனில் தினமும் பார்க்கிறேன். ஆனால் போனில் முகம் தெரியுமே தவிர, தலைக்கு எண்ணெய் வைத்திருக்கிறாளா என்று தெரியாது. தொட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

மாடிக்குத் துணி காயப்போடப் போனேன். நடுப்படியில் நின்று எதிர்வீட்டு மாமரத்தைப் பார்ப்பது என் வழக்கம். காய்த்திருக்கிறதா என்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஏறுவேன். கீழேயிருந்து ரெஜினா கேட்டாள்: "ஜனவரியில ஏதுங்க மாங்கா?"

ஜனவரி 9

ரெஜினா என்னை டாக்டர் கதிரேசனிடம் இழுத்துக்கொண்டு போனாள். எனக்கு இருப்பது லேசான சளி. ஒரு குழாயைக் கொடுத்து ஊதச் சொன்னார். பிறந்தநாள் மெழுகுவர்த்திக்குப் பயம் வராத அளவில் ஊதினேன்.

"சேசுராஜ், மில்லை மூடி எட்டு வருஷமாச்சு. உங்க நெஞ்சுக்குள்ள மட்டும் அந்தப் பஞ்சுத் தூசி இன்னும் ஒரு ஷிப்ட் ஓட்டிட்டிருக்கு. மாடி ஏறுனா மூச்சு வாங்குதா?"

"அதெல்லாம் இல்ல டாக்டர்."

"மாமரம் பார்ப்பாரு டாக்டர்," என்றாள் ரெஜினா.

விமானத்துக்குள் காற்று தரையில் இருப்பது போல் இருக்காதாம். என் நுரையீரல் தாங்குமா என்று பார்த்துத்தான் சொல்ல முடியுமாம். பவுலினிடம் இதைச் சொல்ல வேண்டாம் என்று ரெஜினாவிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

ஜனவரி 12

பவுலினுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. எங்கள் வீட்டில் ரகசியம் காக்கும் ஒரே ஆள் நான்தான்.

அவள் வேலை என்னவென்று இன்றுதான் எனக்கு விளங்கியது. ஒரு பெரிய கொட்டகையில் விமானத்தின் உடம்பை மட்டும் வைத்து, உள்ளே காற்றை ஏற்றுவார்கள், இறக்குவார்கள். மறுபடி ஏற்றுவார்கள். எங்கே விரிசல் விடுகிறது என்று பார்ப்பார்கள்.

"இத்தனை வருஷம் படிச்சு, செய்யுறது பஞ்சர் கடை வேலையா பாப்பா?"

"ஆமாப்பா. கொஞ்சம் பெரிய பஞ்சர் கடை."

மேலே போகப் போக வெளிக்காற்று அடர்த்தி குறைந்துவிடுமாம். விமானம் பறக்கும் உயரத்தில் கதவைத் திறந்துகொண்டு நின்றால் ஒரு நிமிஷத்துக்குள் நினைவு போய்விடும். அதனால் வெளிக்காற்றை அமுக்கி உள்ளே விட்டுக்கொண்டே இருப்பார்கள். வால் பக்கம் ஒரு சின்னக் கதவு கொஞ்சம் திறந்தும் கொஞ்சம் மூடியும், வேண்டிய அளவு காற்றை வெளியே விடும்.

"அப்ப ஓட்டையோடதான் பறக்குதா?"

"வேணும்னே வச்ச ஓட்டைப்பா."

"எல்லாஞ் சரி. நம்ம திண்டுக்கல் காத்தை அப்படியே உள்ள வச்சுட்டா என்னவாம்? யாருக்கும் கஷ்டமில்லையே?"

"சைக்கிள் டியூப்ல அளவுக்கு மேல காத்தடிச்சா?"

"வெடிக்கும்."

"அதேதான். வெளியில காத்து கம்மி, உள்ள ஜாஸ்தி. மேல போறப்ப பிளேனோட உடம்பு உப்பும், இறங்குறப்ப சுருங்கும். கண்ணுக்குத் தெரியாது. ஆனா ஒவ்வொரு தடவையும் அந்தத் தகடு கொஞ்சம் களைச்சுப்போகும். ஜன்னல் மூலையை வளைச்சு வைக்கிறது எதுக்குங்கிறீங்க? சதுரமா இருந்தா அங்கதான் விரிசல் ஆரம்பிக்கும். திண்டுக்கல் காத்தைத் தாங்குற மாதிரி செய்யலாம். ஆனா அம்புட்டுக் கனத்தைத் தூக்கிக்கிட்டு எப்படிப் பறக்கிறது?"

அதனால் ஒரு சமரசம். உள்ளே மலைக்காற்று. பழைய ரக விமானங்களில் கொடைக்கானல் காற்று இருக்குமாம், சில சமயம் அதற்கும் மேலே. பாதிச் சுமையை விமானத்தின் தோல் தூக்குகிறது. மீதியை உள்ளே இருப்பவர்களின் நெஞ்சு தூக்குகிறது. இதைக் கேட்டபோது நான் வேறு எதையோ தேடுவது போல மேசைக்குக் கீழே குனிந்துகொண்டேன்.

"கொடைக்கானல்ல போய் ரெண்டு நாள் இருங்கப்பா. சும்மா உக்காந்திருங்க. ரத்தத்துல ஆக்சிஜன் எவ்வளவுன்னு காட்டுற அந்த மிஷினை அம்மா உங்க விரல்ல மாட்டிப் பாக்கட்டும். தொண்ணூறுக்குக் கீழ போகலைன்னா நான் டாக்டர்கிட்ட பேசுறேன்."

மகள் எனக்குப் பரீட்சை வைக்கிறாள். எஸ்.எஸ்.எல்.சி.யில் அறிவியலில் ஒரு தடவை போய், மறு தடவை முப்பத்தாறு வாங்கியவன் நான்.

பிப்ரவரி 2, கொடைக்கானல்

வத்தலக்குண்டில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் மலை ஏற ஏற உப்பி, இங்கே வந்தபோது தலையணை மாதிரி விறைத்துவிட்டது. விமானம் உப்புவது இப்படித்தான் போல. வழியில் சில்வர் கேஸ்கேட் அருவியில் பஸ் நின்றது. ஒரு குரங்கு ஜன்னல் வழியாக அந்தப் பாக்கெட்டையே குறிவைத்தது. காப்பாற்றிக் கொண்டுவந்தேன்.

மாலையில் விரலில் மிஷினை மாட்டினாள் ரெஜினா. தொண்ணூற்றொன்று.

"பாஸ்," என்றேன்.

"பார்டர் பாஸு," என்றாள்.

பிப்ரவரி 4

நேற்று எழுத முடியவில்லை.

நடந்தது இதுதான். தொண்ணூற்றொன்று எனக்குத் திருப்தியாக இல்லை. முப்பத்தாறு வாங்கியவனுக்குப் பார்டரின் கஷ்டம் தெரியும். ரெண்டு மார்க் குறைந்தால் மகளைப் பார்க்க முடியாது. நெஞ்சுக்குக் கொஞ்சம் பயிற்சி கொடுத்து மார்க்கைக் கூட்டிவிடலாம் என்று தோன்றியது. ரெஜினா சலேத் மாதா கோயிலுக்குப் போன நேரம் பார்த்து, ஏரிக்கரையில் வாடகைச் சைக்கிள் எடுத்தேன்.

பாதி ஏரி வரை நன்றாகத்தான் போனேன். பிறகு புல்லில் உட்கார்ந்தேன். புல் ஈரம். கொஞ்சம் படுத்தும் பார்த்தேன். நாலைந்து பேர் கூடினார்கள். நல்ல மனிதர்கள். ஊர், பேர், வீட்டு நம்பர் எல்லாம் கேட்டார்கள். பேர் ஞாபகம் வரக் கொஞ்சம் நேரம் ஆனது. சைக்கிளை யார் திருப்பிக் கொடுத்தார்கள் என்று இன்னும் தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் மூக்கில் ஒரு மூடியை வைத்துப் படுக்கப்போட்டார்கள். மிஷினில் எண்பது என்று இருந்ததாம். ரெஜினா திட்டவேயில்லை. கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து என் சட்டையில் ஒட்டியிருந்த புல்லை ஒவ்வொன்றாக எடுத்தாள்.

பிப்ரவரி 5

பவுலின் போனில் சிரித்தாள். "அப்பா, பிளேன்ல யாருப்பா சைக்கிள் ஓட்டுவாங்க?" நானும் சிரித்தேன். பிறகு அவள் போனை எங்கேயோ சாய்த்து வைத்துவிட்டாள். கொஞ்ச நேரம் எனக்கு அவர்கள் வீட்டு மேற்கூரை மட்டும் தெரிந்தது. வெள்ளைக் கூரை. மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது. அங்கே குளிர் அதிகம்.

பிப்ரவரி 6

டாக்டர் கதிரேசன் முடியாது என்றார். ரெஜினா மட்டும் போகிறாள்.

பிப்ரவரி 7

மாமரம் பூத்திருக்கிறது. நிஜமாகவே.

பிப்ரவரி 18

பெட்டி கட்டும் வேலை. என் ஸ்வெட்டர்கள் இரண்டையும் வெளியே எடுத்தோம். அந்த இடத்தில் பருப்புப் பொடியும் பிரசவ லேகியமும் கச்சிதமாக அடங்கின. பருப்புப் பொடிக்கு மூச்சு வாங்காது.

ரெஜினா ஒரு ஸ்வெட்டரைத் திரும்ப உள்ளே திணித்தாள்.

"எதுக்குடி?"

"அங்க குளிரும். நான் போட்டுக்குவேன்."

அவளுக்கு அது முழங்கால் வரை வரும்.

அம்மாவுக்குப் புது ரக விமானத்தில்தான் டிக்கெட் போட்டிருப்பதாகப் பவுலின் சொன்னாள். அதன் உடம்பு தகடு இல்லையாம், நூலாம். கரியிலிருந்து முடியைவிட மெல்லிசாக நூல் இழுத்து, பசையில் ஊறவைத்து, அடுக்கடுக்காகப் போட்டு, வேகவைத்து இறுக்குவார்களாம். உப்பிச் சுருங்கினாலும் அது தகடு மாதிரி லேசில் களைக்காது. அதனால் உள்ளே காற்றைக் கொஞ்சம் கூடுதலாகவே வைக்கலாம். ஆறாயிரம் அடி உயரத்துக் காற்று.

முப்பது வருஷம் நூலோடு, அதன் மெல்லிசைச் சொல்லும் கவுண்ட் கணக்கோடு வாழ்ந்தவன் நான். "என்ன கவுண்ட் நூலு பாப்பா?" என்று கேட்டேன்.

"உங்க மில்லுல இல்லாத கவுண்ட்டுப்பா."

"ஆறாயிரம் அடின்னா நம்ம பக்கத்துல எது?"

ஏதோ வரைபடத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னாள். "கொடைக்கானல் போறதுக்கு முன்னாடியே வந்துடுதுப்பா. கிட்டத்தட்ட சில்வர் கேஸ்கேட்."

பிப்ரவரி 26

திண்டுக்கல் ஸ்டேஷனில் ரெஜினாவை ரயிலேற்றினேன். சென்னை வரை அவள் தம்பி டேவிட் துணை. நாளைக் காலை ஏழு மணிக்கு விமானம்.

"மாத்திரையை நேரத்துக்குப் போடுங்க. படி ஏறாதீங்க. துணியைக் கீழயே காயப்போடுங்க."

"சரி."

"பாப்பாகிட்ட என்ன சொல்லணும்?"

யோசித்தேன். "அவ தலையைத் தொட்டுப் பாரு, எண்ணெய் வைக்கிறாளான்னு," என்றேன்.

ரெஜினா தலையை ஆட்டினாள். ரயில் நகர்ந்தது. பிளாட்பாரத்தில் கூட ஓடி வழியனுப்பும் வயசும் இல்லை, காற்றும் இல்லை. நின்ற இடத்திலேயே கையை ஆட்டினேன்.

பிப்ரவரி 27, சில்வர் கேஸ்கேட்

வீட்டில் இருக்கப் பிடிக்கவில்லை. முதல் பஸ்ஸைப் பிடித்து வந்துவிட்டேன். ஏழு மணிக்கு அருவிக்கு எதிரே இருக்கும் கட்டைச் சுவரில் உட்கார்ந்தேன். பனி. மனிதர்கள் இல்லை, குரங்குகள் இருந்தன.

மக்காச்சோளம் அவிக்க அடுப்புப் பற்றவைத்துக்கொண்டிருந்த பெண் ரொம்ப நேரம் என்னையே பார்த்தாள். பாண்டியம்மா என்று பிறகு தெரிந்தது.

"என்னண்ணே, பஸ்ஸை விட்டுட்டீங்களா?"

"இல்லம்மா. என் வீட்டுக்காரி பிளேன்ல போயிட்டிருக்கா."

"அதுக்கு?"

"பிளேனுக்குள்ள இந்த மலைக்காத்துதான் இருக்குமாம். அவ இருக்கிற காத்துல நானும் இருக்கலாம்னு வந்தேன்."

பாண்டியம்மா அடுப்பை ஊதினாள். என்னைவிட நன்றாக ஊதினாள். "சரி, அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கங்க. கல்லு ஜில்லுன்னு இருக்கும்," என்றாள்.

பத்து மணி வாக்கில் வண்டிகள் வர ஆரம்பித்தன. எல்லோரும் இறங்கி, அருவியோடு படம் எடுத்து, சோளம் தின்று, குரங்குக்குப் பயந்து ஏறிப் போனார்கள். நான் மட்டும் போகவில்லை. டைரியும் விரல் மிஷினும் சட்டைப்பையில் இருந்தன. பொழுது போகாமல் மாட்டி மாட்டிப் பார்த்து இந்தப் பக்கத்து ஓரத்திலேயே குறித்திருக்கிறேன். 92, 91, 92. பாண்டியம்மா தன் விரலிலும் மாட்டச் சொன்னாள். தொண்ணூற்றேழு.

"உங்களை விட எனக்கு அஞ்சு மார்க்கு கூட," என்றாள். நாள் முழுக்க அவளுக்கு அந்தப் பெருமை.

மணிக்கு ஒரு தடவை கேட்டுக்கொண்டே இருந்தாள். "அண்ணி இப்ப எங்கிட்டுப் போயிருப்பாங்க?"

"கடலுக்கு மேல இருக்கும்."

"இப்ப?"

"பாலைவனம்."

எனக்கென்ன தெரியும். பள்ளிக்கூடத்தில் பூகோளத்திலும் நான் சுமார்தான். ஆனால் கேட்க ஒரு ஆள் இருந்தது நன்றாக இருந்தது. ரெஜினாவுக்கு ஜன்னல் சீட் கிடைத்திருக்குமா? வளைந்த மூலையைப் பார்த்திருப்பாளா? என் ஸ்வெட்டரைப் போட்டிருப்பாளா? மூச்சை மெதுவாக இழுத்து மெதுவாக விட்டேன். அவளும் அங்கே இப்படித்தான் இழுத்து விட்டுக்கொண்டிருப்பாள், இதே அளவு காற்றை. ரயில்வே பிளாட்பாரத்தில் நின்றதைவிட இங்கே அவள் எனக்குப் பக்கத்தில் இருந்தாள்.

மதியம் ஒரு சோளம், ரெண்டு டீ. சாயங்காலம் அஞ்சு மணிக்கு இறங்கியிருப்பாள் என்று கணக்குப் போட்டு எழுந்தேன். கீழே போகும் பஸ் வரும்வரை பாண்டியம்மா கூடவே நின்றாள்.

"அண்ணி பத்திரமாப் போயிட்டாங்கண்ணே," என்று எனக்குச் சொன்னாள்.

பிப்ரவரி 28

பவுலின் காலையிலேயே பிடித்துக்கொண்டாள். "நேத்து முழுக்க உங்க போன் போகவே இல்ல! எங்கப்பா போனீங்க?" அவளுக்குப் பின்னால் ரெஜினா என் ஸ்வெட்டரில் நின்றுகொண்டிருந்தாள். முழங்காலுக்குக் கொஞ்சம் மேலேதான் வருகிறது.

சொன்னேன். திட்டு விழும் என்று எதிர்பார்த்தேன்.

"எத்தனை மணிக்குப் போய் உக்காந்தீங்க?"

"ஏழு."

"எழுந்தது?"

"அஞ்சு. உங்கம்மா இறங்குற வரைக்கும்."

"மிஷின்ல பாத்தீங்களா?"

டைரியைப் பிரித்து ஓரத்தில் இருந்ததை எல்லாம் வாசித்தேன். மதியத்துக்கு மேல் ஒரே ஒரு தடவை தொண்ணூறு. மற்றதெல்லாம் அதற்கு மேலே. வாசித்து முடித்து நிமிர்ந்தேன். பவுலின் வாயைக் கையால் மூடிக்கொண்டிருந்தாள்.

"அப்பா," என்றாள். "நீங்க ஜெர்மனி வந்துட்டீங்கப்பா."

எனக்குப் புரியவில்லை. ரெஜினாவுக்குப் புரிந்துவிட்டது. அவள்தான் முதலில் அழுதாள்.

மார்ச் 2

டாக்டர் கதிரேசன் முதலில் திட்டினார். தனியாக மலையில் போய் உட்கார எவன் சொன்னான் என்று. பிறகு டைரியை வாங்கி, பிளேனுக்குள் இருக்கும் அதே அளவு காற்றில் பத்து மணி நேரம் இருந்தும் நான் தொண்ணூறுக்குக் கீழே போகாததைப் பார்த்தார். பிறகு பவுலினோடு போனில் ரொம்ப நேரம் பேசினார். பிறகு என்னை வராந்தாவில் நடக்கவிட்டார், ஊதவிட்டார், இன்னும் இரண்டு சோதனைக்கு எழுதினார்.

"ஒரு மாசம் இந்த மருந்தை ஒழுங்கா எடுங்க. அந்தப் புது ரக பிளேன்ல மட்டும்தான் போகணும். ஆக்சிஜன் கையோட இருக்கணும், நான் எழுதித் தர்றேன். ஏர்போர்ட்ல சக்கர நாற்காலி."

"சக்கர நாற்காலியா? ஊர்ல நாலு பேரு பாத்தா..."

"சைக்கிள் ஓட்டுனவர்தானே? இதுலயும் சக்கரம்தான். உக்காருங்க."

மார்ச் 14

பெண் குழந்தை. மூன்று கிலோ. போனில் காட்டினார்கள். கொட்டாவி விட்டது. எவ்வளவு காற்று இழுத்தது! இந்தக் குடும்பத்தில் ஒருத்திக்காவது நல்ல நுரையீரல்.

ஞானஸ்நானம் நான் வந்த பிறகுதானாம். அதுவரை 'பாப்பா' என்றே கூப்பிடுகிறார்களாம். அது பவுலினின் பெயர் என்று சொன்னேன். யாரும் கேட்கவில்லை.

மார்ச் 23

எதிர்வீட்டு மாமரத்தில் பிஞ்சு. கீழே நின்றே பார்த்தேன்.

ஏப்ரல் 10, விமானத்தில்

டேவிட் சென்னை வரை வந்து ஏற்றிவிட்டான். சக்கர நாற்காலியில் வைத்து எல்லோருக்கும் முன்னால் உள்ளே கொண்டுபோனார்கள். கல்யாணத்துக்குக் கூட என்னை யாரும் இப்படிக் கொண்டுபோனதில்லை.

ஏறும்போது காது அடைத்தது. எச்சில் விழுங்கச் சொல்லியிருந்தாள் பவுலின், விழுங்கினேன். நெஞ்சு கொஞ்சம் கனத்தது. ஆக்சிஜன் பை காலடியில் இருக்கிறது. இன்னும் தேவைப்படவில்லை. வத்தலக்குண்டு சிப்ஸ் பாக்கெட்டை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தேன். உப்பியது. ஆனால் அன்றைக்குக் கொடைக்கானலில் விறைத்த அளவுக்கு இல்லை.

பக்கத்துச் சீட்டில் ஒரு கல்லூரிப் பெண். "அங்கிள், சாப்பிடலையா?" என்று பாக்கெட்டைக் காட்டிக் கேட்டாள்.

"இது சாப்பிட இல்லம்மா, மீட்டர்," என்றேன். அதற்குப் பிறகு அவள் என்னிடம் பேசவில்லை.

உள் சுவரில் உள்ளங்கையை வைத்தேன். அதற்குப் பின்னால் நூல். அதற்கும் பின்னால் மூச்சுவிட ஒன்றுமில்லாத வெளி. என் நெஞ்சு தூக்க முடியாத பங்கையும் சேர்த்து அது தூக்கிக்கொண்டிருக்கிறது. எங்கேயோ ஒரு கொட்டகையில் என் மகள் இதை ஊதி ஊதிப் பார்த்திருக்கிறாள். ஜன்னல் மூலையை விரலால் தடவினேன். வளைவுதான்.

முன்னால் திரையில் ஒரு குட்டி விமானம் ஊர்ந்துகொண்டிருக்கிறது. கடல் முடிந்துவிட்டது. கீழே பழுப்பாக, முடிவில்லாமல், பாலைவனம். அப்போ அன்றைக்கு நான் பாண்டியம்மாவிடம் சொன்னது சரிதான்.

விரலில் மாட்டிப் பார்த்தேன். தொண்ணூற்றொன்று. பார்டர் பாஸ்.

சில்வர் கேஸ்கேட்டில் உட்கார்ந்திருக்கிறேன். குரங்கு மட்டும் இல்லை. இந்தத் தடவை இறங்கப்போவது திண்டுக்கல்லில் இல்லை.